ஜீப்புக் காலில் வந்த பிளசர்

தங்கம்மாளுக்கு ஜீப் என்றாலே ஆகாது. முத்துப்பேட்டைச் சாலையிலிருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையின் கோடியில் இருந்தது அவள் குடியிருந்த கீழத்தெரு. அந்தத் தெருவுக்கு ஜீப் வந்தால் ஒன்று போலீஸ் வந்திருக்கும், இல்லையென்றால் கோர்ட்டு அமீனா வந்திருப்பார். கல்யாணப் பத்திரிகையோடு ஜீப்பில் வந்து இறங்கியவர் எவரும் கிடையாது. கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷம் அவள் கணவர் பஞ்சநாதனை ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு ஜீப்தான். திரும்பும்போது அவர் பஸ்ஸில் வந்தார், நெஞ்சு நிறையச் சளியோடு. அடுத்த அறுவடையைப் பார்க்க அவர் இல்லை.

"ஜீப்பு கூட்டிக்கிட்டுப் போவும், கொண்டாந்து விடாது" என்று தங்கம்மாள் சொல்வாள்.

மகன் இளையபெருமாளுக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. பூதலூரில் ரயில்வே கேங்மேனாக இருந்த ஒருவரின் மகள் வேம்புவை அவனுக்குப் பேசி முடித்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்றே தங்கம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மருமகள் பிளசரில் வந்து வீட்டு வாசலில் இறங்க வேண்டும். பக்கத்தில் தானும் உட்கார்ந்து வர வேண்டும். கார் என்று ஊரே சொல்லப் பழகிய பிறகும் அவளுக்கு அது பிளசர்தான்.

இதில் என்ன பெரிய ஆசை என்று கேட்பவர்கள் அந்தப் பாதையைப் பார்த்ததில்லை. அது பண்ணையாரின் நெற்களத்தை ஒட்டிப் போகிறது. களத்தைத் தாண்டும்வரை கீழத்தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். தங்கம்மாள் மணப்பெண்ணாக அந்தப் பாதையில் நடந்து வந்தபோது அவளிடம் செருப்பே இல்லை. ஆகையால் அன்றைக்குக் கழற்றுகிற சிரமம் இருக்கவில்லை. பின்னால் செருப்பு வாங்கிய பிறகுதான் அந்தச் சிரமம் வந்தது. ஆட்சி மாறிற்று, பதினைந்து ஏக்கர் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, பண்ணையாரின் நிலத்தில் பாதி அவருடைய சமையல்காரர் பெயருக்கும் கோவில் யானை பெயருக்கும் போய்விட்டதாக ஊரில் சிரித்துக்கொண்டார்கள். செருப்பு மட்டும் கையிலேயே இருந்தது. காரில் உட்கார்ந்து போகிறவளை யார் இறங்கிக் கழற்றச் சொல்வது? தங்கம்மாளின் கணக்கு அது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் பாதையைச் சாலையாக்கித் தரச் சொல்லி மனுப் போட்டிருந்தார்கள். புறம்போக்கு என்றார்கள் இவர்கள். என் பட்டா என்றார் பண்ணையார். கோர்ட்டு உத்தரவு போட்டது: தாவா முடிகிறவரை பாதை உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், இரு தரப்பாரும் அதில் மண் எடுக்கவும் கூடாது, மண் போடவும் கூடாது. உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு ஒரு குடையும், சட்டைப்பையில் உத்தரவின் நகலுமாகக் களத்து மேட்டில் உட்கார்ந்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்கிறவர். யாராவது வழுக்கி விழுந்து எழுந்தால்கூட, துணியில் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிட்டுப் போகச் சொல்வார் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

கடைமடைக் களிமண். மழைக்காலத்தில் வண்டிச்சக்கரம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்கு அறுத்துவிடும். தை மாதம் அது அப்படியே காய்ந்து கல்லாகிவிடும். நடுவில் காளையின் திமில் மாதிரி ஒரு மேடு நெடுக ஓடும். மாட்டு வண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல. காருக்கோ வயிறு இடிக்கும்.

தங்கம்மாளின் தம்பி ரெத்தினம் பட்டுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்துக் கொடுத்த பழைய கறுப்பு அம்பாசிடர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையைச் சொறிந்தான்.

"சாலை வரைக்கும் கொண்டாந்துர்றேன்க்கா. அதுக்கு மேல உன் மருமவ நடந்துக்கட்டும். அதுக்குக் கால் இருக்குல்ல?"

"எனக்குந்தான் கால் இருந்துச்சு" என்றாள் தங்கம்மாள்.

அந்த வாரமே தாசில்தார் பாதையைப் பார்வையிட வந்தார். வந்தது ஜீப்பில். தெருவே ஒதுங்கி நின்றது. தங்கம்மாள் மட்டும் பாதையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜீப்பின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் பள்ளத்தில் இறங்கிற்று. வயிறு மேட்டில் படவில்லை. ஜீப் உறுமிக்கொண்டு போயே போய்விட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஜீப்பைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வந்தது.

மறுநாள் ரெத்தினத்திடம் போய், ஜீப்பின் காலை உன் காருக்கு மாட்டினால் என்ன என்று கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் கார் ஸ்டாண்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"கழுதைக்குக் குதிரைக் காலு வைக்கச் சொல்றியேக்கா."

"கழுதையா இருந்தா என்னடா, மேடு தாண்டுனாச் சரி. பேசாம ஜீப்பையே வாடகைக்குப் பிடிப்போம்னு மட்டும் சொல்லிறாத. என் வீட்டுக்கு வர்ற பொண்ணு ஜீப்புல வராது. காலை மட்டும் வாங்கிக்கிறேன்."

பட்டுக்கோட்டை மணிக்கூண்டைத் தாண்டி அப்துல் ஜலீலின் பட்டறை. அதிராம்பட்டினத்துக்காரர். அரசாங்கம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, எலும்பு வேறு தோல் வேறாகப் பிரித்து வைத்திருந்தார். தங்கம்மாள் அவர் முன்னால் ஒரு மூங்கில் குச்சியை நீட்டினாள். பாதையின் மேடு எங்கே மிக உயரமோ அங்கே வைத்து, பள்ளத்திலிருந்து அளந்து ஒடித்த குச்சி.

"பாய், இது நிமிந்தாப்புல காருக்கு அடியில நிக்கணும்."

ஜலீல் குச்சியை வாங்கிக் காருக்கு அடியில் நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை, சாய்ந்துகொண்டது. அவர் சிரித்தார். "என்கிட்ட ரோடு சரியில்லேன்னு வந்தவங்க நிறையப் பேர். ரோட்டையே ஒடிச்சு எடுத்துக்கிட்டு வந்தது நீங்கதாங்க்கா."

அவருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஜீப்பின் சக்கரம் பெரிது. ஆனால் அதில் போல்ட்டுக்கு இருக்கும் துளைகள் அகலமான வட்டத்தில் இருந்தன. காரின் போல்ட்டுகளோ நெருக்கமானவை. இரண்டும் பொருந்தாது. ஜலீல் காரின் பழைய சக்கரங்களில் நடுத்தட்டை மட்டும் வெட்டி எடுத்தார். ஜீப் சக்கரங்களின் நடுத்தட்டை வெட்டி எறிந்தார். ஜீப்பின் வளையத்துக்குள் காரின் நடுத்தட்டை வைத்துப் பற்றவைத்தார். பிறகு சக்கரத்தை அச்சில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஒரு சாக்குக்கட்டியை அதன் விளிம்பை ஒட்டி அசையாமல் பிடித்தார். எங்கே சக்கரம் கோணிக்கொண்டு வருகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் ஒரு தட்டு. மறுபடி சுற்று, மறுபடி கோடு, மறுபடி தட்டு. சக்கரம் முழுக்க ஒரே சீராக வெள்ளை படிந்ததும்தான் விட்டார். தங்கம்மாள் உளுந்து காயப்போட்டவள் மாதிரி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கட்டைப் பற்கள் கொண்ட ஜீப் டயர்கள் ஏறின. முன் மட்கார்டின் ஓரத்தை உள்பக்கமாக மடித்துத் தட்ட வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அப்படியும் டயர் உரசும் என்றும், பிரேக் கொஞ்சம் யோசித்துத்தான் பிடிக்கும் என்றும், மீட்டர் முள் இனிமேல் வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்றும் ஜலீல் ரெத்தினத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசி விஷயம் ரெத்தினத்துக்குப் பிடித்திருந்தது. கறுப்புக் கார் இப்போது சேற்றில் இறங்கக் கூசி முட்டியைத் தூக்கி நிற்கும் நாரை மாதிரி நின்றது.

குச்சியை வைத்துப் பார்த்தார்கள். நிமிர்ந்து நின்றது. மேலே இரண்டு விரல் இடமும் இருந்தது.

"எத்தனை பேரு ஏறுவீங்கக்கா?" என்று ஜலீல் கேட்டார்.

"எத்தனை பேர் ஏறுனா என்ன பாய்? மாடா இழுக்கப் போவுது, எஞ்சின்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேள்வி எங்கேயோ போய்விட்டது.

மறுநாள் காலையில் ரெத்தினம் காரைத் தனியாகப் பாதையில் இறக்கினான். ஊர்ந்து ஊர்ந்து களத்தைத் தாண்டித் தெருவுக்குள் வந்து நின்றான். பிள்ளைகள் காரைச் சுற்றிக் கும்மாளம் போட்டார்கள். சிங்காரவேலு பின்னாலேயே குடையோடு நடந்து வந்து, மேட்டில் எங்காவது சுரண்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மனசில்லாமல் திரும்பிப் போனார். தங்கம்மாள் அன்று சாயங்காலமே முத்துப்பேட்டைக்குப் போய்ப் புதுச்செருப்பு வாங்கினாள். சிவப்பு வார் வைத்தது. நடப்பதற்காக வாங்கியதல்ல, காரில் காலைத் தொங்கப்போட்டு உட்காரும்போது போட்டுக்கொள்வதற்காக.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் பஸ்ஸில் வந்து முக்கூட்டுச் சாலைப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கினார்கள். அங்கிருந்து பெண் அழைப்பு. பந்தல் போட்ட தெருவில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது. ஐயர் இல்லாத கல்யாணம். நடத்தி வைக்க வந்திருந்தவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர் தியாகராசன். நல்ல ஆகிருதி. கரை போட்ட துண்டு முழங்கால் வரை தொங்கிற்று. மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதாக நினைத்துப் பேசுகிறவர்.

காருக்குப் பூமாலை கட்டியிருந்தது. கதவு உயரத்தில் இருந்ததால் ஏறுவதற்கு ஒரு முக்காலி போட்டார்கள். முதலில் வேம்பு ஏறினாள். தண்டவாளத்தின் மேல் நடந்து பள்ளிக்கூடம் போனவள். முக்காலியில் கால் பட்டதா இல்லையா என்று தெரியாமல் ஏறிவிட்டாள். பக்கத்தில் தங்கம்மாள் தன் உடம்பைத் தூக்கி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எடைக்குக் குறைவில்லாதவள். அடுத்து வேம்புவின் சின்னம்மா, மடியில் குழந்தையோடு. முன்னால் தியாகராசன். பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று முன் சீட்டில் இன்னும் இரண்டு பேர் நெருங்கினார்கள். சீர்வரிசையைக் கையில் கொடுத்து அனுப்பினால் மரியாதையில்லை என்று பின்பெட்டியில் ஒரு மூட்டை நெல், பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தேங்காய்ச் சாக்கு. மூடி மூடவில்லை, கயிற்றால் கட்டினார்கள். மிச்சமிருந்த வாழைத்தாரைச் சின்னம்மாவின் காலடியில் வைத்தார்கள்.

சாலையில் கார் நன்றாகத்தான் போயிற்று. பின்னால் ஏதோ உரசுகிற மாதிரி ரெத்தினத்துக்குக் கேட்டது. பேண்டு செட்டுச் சத்தத்தில் அது அடங்கிப்போயிற்று. பாதையில் இறங்கினார்கள். தங்கம்மாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தரிசான வயல்களில் வைக்கோல் போர்கள் நின்றன. இதோ வாய்க்கால் மதகு. இதோ களத்தின் வேலி. களத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் காலைத் தொங்கப்போட்டு, சிவப்பு வார் தெரிகிற மாதிரி புடவையை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டாள்.

சரியாக அங்கேதான், மேடு மிக உயரமான இடத்தில், கார் நின்றது. பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாசம் வந்தது. அடியில் ஏதோ மெதுவாக, பெருமூச்சு விடுகிற மாதிரி, உட்கார்ந்தது.

ரெத்தினம் இறங்கிப் போய்ப் பார்த்தான். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டான். கை போகவில்லை. விரல் போகவில்லை. கீழே குனிந்து பார்த்தான். காரின் வயிறு மேட்டின் மேல் கோழி அடைகாக்கிற மாதிரி படிந்திருந்தது. அவன் அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஸ்பிரிங்கு இருக்குக்கா இதுக்கு" என்றான்.

தங்கம்மாளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவளும் அவள் அப்பனும் பாட்டனும் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்கள். வண்டிக்கு அச்சு உண்டு, ஸ்பிரிங் கிடையாது. வெறும் வண்டி எத்தனை உயரமோ, நாற்பது கட்டு ஏற்றிய வண்டியும் அத்தனை உயரம்தான். பாரம் கூடினால் மாட்டுக்குத்தான் கஷ்டம், வண்டி குனியாது. குச்சியை ஒடித்தபோதும் சரி, பட்டறையில் வைத்துப் பார்த்தபோதும் சரி, கார் குனியும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ரெத்தினம் கார் ஓட்டுகிறவன்; அவனும் குச்சியைப் பார்த்து மயங்கிப்போனான். பட்டறையில் ஜலீல் ஏன் அப்படிக் கேட்டார் என்பது இப்போது இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்தது.

சிங்காரவேலு குடையை மடக்கிக்கொண்டு களத்திலிருந்து இறங்கி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். கார் இப்போது நகர்ந்தால் மேட்டைச் சுரண்டும், சுரண்டினால் மண் எடுத்ததாக ஆகும், மண் எடுத்தால் உத்தரவு மீறல், அதைத் தான் பார்த்தும் எழுதாமல் இருக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னார். பாதை வழக்கே போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள்.

தியாகராசன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இது மக்களாட்சி என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, அதை இறங்கிச் சொல்லுங்க. நீங்க இறங்குனாலே பாதி பிரச்சினை தீந்துரும்" என்றான் ரெத்தினம்.

செயலாளர் இறங்கினார். கார் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டில் மிச்சமிருந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். சின்னம்மா குழந்தையோடு இறங்கினாள். பின்பெட்டியின் கயிற்றை அவிழ்த்து நெல்மூட்டையை ஒருவர் தோளிலும் அண்டாவை ஒருவர் தலையிலும் ஏற்றினார்கள். குத்துவிளக்கைச் செயலாளரே வாங்கிக்கொண்டார். வாழைத்தார் போயிற்று. தேங்காய் போயிற்று. உள்ளே இப்போது வேம்புவும் தங்கம்மாளும் மட்டும்.

ரெத்தினம் பாதையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக் காருக்கு அடியில் பார்த்தான். அவன் சொல்வதைச் சிங்காரவேலு நம்பத் தயாராக இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் எதிர்ப்பக்கம் படுத்தார். காரின் வயிற்றுக்குக் கீழே இருவர் முகமும் எதிரெதிரே தெரிந்தன. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பின்னாடி வெளிச்சம் தெரியுதா?" என்றான் ரெத்தினம்.

"தெரியல. ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குது" என்றார் சிங்காரவேலு.

ரெத்தினம் எழுந்து, கன்னத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தான். "அக்கா" என்றான்.

தங்கம்மாள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் களம். சாலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. இன்னும் ஒரு வேலி நீளம் போனால் களம் முடிந்துவிடும். இந்த வேலி நீளத்துக்காகத்தான் குச்சி, பட்டறை, நாரைக் கால், எல்லாம்.

வேம்பு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அத்தை, நான் இறங்கிக்கிறேனே. எனக்கு நடக்குறது ஒண்ணும் புதுசு இல்ல."

"நீ நடக்கக் கூடாதுன்னுதானே இத்தனையும்" என்றாள் தங்கம்மாள். "நீ உக்காரு. யாரு கூப்புட்டாலும் இறங்காத."

கதவைத் திறந்தாள். முக்காலி சாலையிலேயே நின்றுவிட்டது. ரெத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜீப்புக் காலின் உயரத்திலிருந்து மெதுவாகத் தன் காலைக் கீழே வைத்தாள். சிவப்பு வார் போட்ட செருப்பு பண்ணைக் களத்தடிப் பாதையில் பட்டது. பட்டவுடனே பழக்கத்தில் அவள் இடுப்பு வளைந்தது, கை செருப்பை நோக்கிப் போயிற்று.

பாதி வழியில் கை நின்றது.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். சிங்காரவேலுவும் பார்த்தார். தங்கம்மாள் கையைப் புடவைக் கொசுவத்துக்குக் கொண்டுபோய், ஏதோ அதைச் சரிசெய்யத்தான் குனிந்த மாதிரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, அந்த ஆர்டர்ல செருப்பைப் பத்தி ஏதும் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

சிங்காரவேலு உண்மையாகவே சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்துப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். ஊரே காத்திருந்தது. "மண்ணு எடுக்கக் கூடாது, போடக் கூடாது. அவ்வளவுதான் இருக்கு" என்றார்.

"காலையில பனி பேஞ்ச பாதை. செருப்புல கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். வேணும்னா வீட்டுல போய்த் தட்டி, கொண்டாந்து போட்டுர்றேனுங்க."

முதலில் சிரித்தது வேம்பு, காருக்குள்ளிருந்து. பிறகு பேண்டுக்காரர்கள். சிங்காரவேலு நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் வாயோரம் கொஞ்சம் துடித்தது என்று பக்கத்தில் நின்ற சின்னம்மா பின்னால் சத்தியம் செய்தாள். அவர் மறுபடியும் தரையில் படுத்தார். காருக்கு அடியில் பார்த்தார்.

"தெரியுது" என்றார். "நல்லாத் தெரியுது. போ."

ரெத்தினம் ஏறி வண்டியைக் கிளப்பினான். நாரை முட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நடக்கிற வேகம்தான், மீட்டர் முள் அசையவே இல்லை. காருக்கு முன்னால் தங்கம்மாள் போனாள், தேருக்கு முன்னால் போகிறவள் மாதிரி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல். காருக்குப் பின்னால் குத்துவிளக்கோடு ஒன்றியச் செயலாளர், நெல்மூட்டை, அண்டா, வாழைத்தார், குழந்தை. கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து போட்டுக்கொண்டாள். பிறகு அடுத்தவள். பேண்டு செட்டு மறுபடியும் எடுத்தது. களம் எப்போது முடிந்தது என்று தங்கம்மாளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வேலி பின்னால் இருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. ரெத்தினம் பின் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான், இன்னும் சுட்டது. முக்காலி இல்லாததால் இளையபெருமாள் ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டான். வேம்பு அதன் மேல் கால் வைத்து இறங்கினாள். ஆலம் சுற்றினார்கள். தியாகராசன் பேசினார், பேசினார், சாம்பார் ஆறும்வரை பேசினார். தாலி கட்டியாயிற்று.

ஜீப்புக் கால்களை ரெத்தினம் பிறகு கழற்றவில்லை. அந்தத் தெருவில் வலி எடுத்த பெண்களை அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று, கொண்டுவந்தும் விட்டது. யார் ஏறினாலும் ரெத்தினம் முதலில் அடியில் குச்சியை வைத்துப் பார்ப்பான், அவர்களை ஏற்றிவிட்டு. வேம்புவையும் அவள் முதல் குழந்தையையும் அதில்தான் கூட்டிவந்தான். அன்றைக்குத் தங்கம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். குழந்தைக்கு அதிக எடை கிடையாது, அவளுக்கும் அப்போது உடம்பு இளைத்திருந்தது.

கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்து, கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, அவள் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினாள். களத்தடிக் கறுப்பு மண் ஒரு சிட்டிகை படியில் உதிர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். உள்ளே பஞ்சநாதன் படத்துக்குப் போட்ட மாலை வாடத் தொடங்கியிருந்தது. இளையபெருமாள் வெளியே வந்து, என்னம்மா என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. காரியஸ்தருக்கு ஒரு வாக்குக் குடுத்தேன்."

அந்த மண்ணை விரலால் ஒன்று கூட்டி, வாசலில் துளிர்விட்டிருந்த முருங்கைக் குச்சியின் அடியில் போட்டு மிதித்துவிட்டாள். திருப்பிக் கொண்டுபோய்ப் போடவில்லை.